எக்ஸ்பி-80 வாசித்துப் பழகிய கை புதிய கீபோர்டுக்கு மாறுவது எப்படி?

மதுரை_கீஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். குழுவின் மூத்த கலைஞர் ஒருவர் ஓய்வு பெற்றபோது அவரிடமிருந்து வாங்கிய ரோலண்ட் எக்ஸ்பி-80 தான் இன்றுவரை என் முதன்மைக் கருவி. 1996-இல் வந்த அந்தக் கருவியின் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது என்றாலும், மேடையில் அது என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

இப்போது மாற வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. புதிய படப் பாடல்களுக்கு லூப்களையும் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துணுக்குகள்) குரல் துணுக்குகளையும் கீபோர்டிலிருந்தே ஒலிக்க விட வேண்டியிருக்கிறது. எக்ஸ்பி-80-இல் நாமாக ஒலியைப் பதிவு செய்து ஏற்றும் வசதி கிடையாது. அதற்கென்று இன்னொருவர் மடிக்கணினியுடன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே கருவியில் முடிக்கலாமே என்று குழுத் தலைவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது.

எழுபத்தாறு கட்டைகள் வேண்டும் என்பதால் ரோலண்ட் ஃபேன்டம்-07, யமஹா மோடெக்ஸ்7 ஆகிய இரண்டையும் கடையில் வாசித்துப் பார்த்தேன். பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் பழையதைவிடப் பன்மடங்கு துல்லியமாக இருந்தன. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நாதஸ்வரச் சாயலில் நான் உருவாக்கி வைத்திருக்கும் பேட்ச் (ஒரு ஒலிக்கான அமைப்பு) போன்ற ஒன்றை வாசிக்க முயன்றபோது கை தடுமாறியது. கட்டையை அழுத்திய பிறகு இன்னும் சற்று அழுத்தினால் ஸ்வரம் அசையும் என்று என் விரல்கள் எதிர்பார்க்கின்றன. அவ்விரண்டிலும் அது நடக்கவில்லை.

என் கருவியின் முகப்பில், திரைக்குக் கீழே, ஒரு காகித நாடா ஒட்டியிருக்கிறது. எந்தப் பாடகருக்கு எத்தனை கட்டைச் சுருதி, எந்தப் பாட்டுக்கு எந்தப் பெர்ஃபார்மன்ஸ் (பல பேட்ச்கள் சேர்ந்த தொகுப்பு) எண் என்பதெல்லாம் அதில் பென்சிலால் எழுதியவை. முந்தைய உரிமையாளரின் கையெழுத்தும் அதில் பாதிக்கு மேல் இருக்கிறது. அவர் உருவாக்கிய பேட்ச்கள் சிலவற்றை இன்றும் அப்படியே வாசிக்கிறேன். அவற்றைப் புதிய கருவிக்குக் கொண்டுசெல்ல வழி உண்டா? கை பழகியதால் மட்டும் பழையது உயர்வாகத் தோன்றுகிறதா, உண்மையாகவே எதையாவது இழக்கப் போகிறேனா என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ரிச்சித்தெரு_பழுதுநீக்கம்

நண்பருக்கு வணக்கம். எந்தக் கருவியை வாங்குவது என்பதை முடிவு செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் 128 பயனர் பேட்ச்களும் 32 பெர்ஃபார்மன்ஸ்களும் மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு சிஆர்2032 பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அதே வட்டப் பேட்டரிதான். அது தீர்ந்தாலோ, பிரதி எடுக்காமல் யாராவது அதைக் கழற்றினாலோ, அந்த மூத்த கலைஞரின் உழைப்பு முழுவதும் போய்விடும். நாடாவில் எண்கள் மட்டும் மிஞ்சும்.

ஃபிளாப்பியில் சேமித்திருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல ஃபிளாப்பித் தட்டு கிடைப்பதே இப்போது அரிது. கிடைப்பவையும் பழைய சரக்கு. யுஎஸ்பி மிடி இடைமுகம் (மிடி என்பது இசைக்கருவிகள் தரவு பரிமாறிக்கொள்ளும் முறை) ஒன்றை வாங்கி, கருவியின் மிடி அவுட்டிலிருந்து கணினிக்கு இணைத்து, யூட்டிலிட்டி பகுதியில் உள்ள தரவு மாற்றக் கட்டளையின் மூலம் பயனர் நினைவகம் முழுவதையும் சிஸ்எக்ஸ் (கருவியின் உள் அமைப்புகளைச் சுமக்கும் மிடி தரவு) கோப்பாக அனுப்புங்கள். கணினியில் அதைப் பிடித்துக்கொள்ள விண்டோஸுக்கு மிடி-ஆக்ஸ், மேக்கிற்கு சிஸ்எக்ஸ் லைப்ரேரியன் என்று விலையில்லா மென்பொருள்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத மலிவான மிடி கேபிள்கள் குறுகிய செய்திகளை ஒழுங்காகக் கடத்தினாலும் நீண்ட சிஸ்எக்ஸ் தரவின் நடுவே சில பைட்டுகளை விழுங்கிவிடும். எனவே எடுத்த கோப்பைத் திரும்பக் கருவிக்கு அனுப்பி, பேட்ச்கள் சரியாக வருகின்றனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். அந்தச் சோதனையைத் தொடங்கும் முன் ஃபிளாப்பியிலும் ஒரு பிரதி இருப்பது நல்லது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோப்பை ஃபேன்டம்-07-இலோ மோடெக்ஸ்7-இலோ ஏற்றி வாசிக்க முடியாது. பேட்ச் என்பது ஒலி அல்ல. கருவியின் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் அலைவடிவங்களில் எத்தனையாவதை எடுப்பது, அதை எப்படி வடிகட்டுவது, எவ்வளவு மெதுவாக எழச் செய்வது என்ற குறிப்புகளின் தொகுப்பு மட்டுமே. அந்தச் சிப் இல்லாத இடத்தில் குறிப்புகள் பயன்படா. அதே சிப் குடும்பத்தைச் சேர்ந்த ஜேவி-1080, ஜேவி-2080 ஆகிய ரேக் கருவிகள் (கட்டைகள் இல்லாத ஒலிப் பெட்டிகள்) உங்கள் பேட்ச் தரவை ஏற்றுக்கொள்ளும். எஸ்ஆர்-ஜேவி80 வகை எக்ஸ்பான்ஷன் போர்டுகள் (கூடுதல் அலைவடிவங்கள் கொண்ட அட்டைகள்) ஏதேனும் உங்கள் எக்ஸ்பி-80-க்குள் இருந்தால், அவற்றையும் கழற்றி ரேக்கில் பொருத்தலாம்; ஜேவி-1080-இல் நான்கு இடங்களும் ஜேவி-2080-இல் எட்டு இடங்களும் உண்டு. அந்தப் போர்டின் அலைவடிவத்தைப் பயன்படுத்தும் பேட்ச்கள் போர்டு இல்லாமல் ஒழுங்காக ஒலிக்கமாட்டா என்பதால், கருவியின் அடிப்புற மூடியைத் திறந்து எந்தெந்தப் போர்டுகள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளை விற்கும்போது போர்டுகளைத் தனியே உருவிக்கொண்டு விற்கிற பழக்கம் நம் ஊர்ச் சந்தையில் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த ரேக்கை வாங்கினால், பின்புறத்தில் 117 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கில் செருகிவிடாதீர்கள்.

ஐந்தரைக்கட்டை

தம்பி, தரவைப் பற்றி மேலே நண்பர் எழுதியது முழுவதும் சரி. நான் கையைப் பற்றி எழுதுகிறேன். மேடையில் எக்ஸ்பி-60 வாசித்துப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய கருவிக்கு மாறியவன் என்ற முறையில், உங்கள் தடுமாற்றம் வெறும் பழக்கம் அல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

எக்ஸ்பி வரிசையில் இடது கைக்கு ஒரே ஒரு நெம்புகோல்தான். இடவலமாகத் தள்ளினால் சுருதி வளைகிறது. முன்னோக்கித் தள்ளினால் மாடுலேஷன் (ஸ்வரத்தின் அசைவு) சேர்கிறது. விட்டவுடன் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. யமஹாவிலும் வேறு பலவற்றிலும் இந்த வேலைகளுக்கு இரண்டு தனிச் சக்கரங்கள் இருக்கும். மேற்கத்திய இசை வாசிப்பவருக்கு இது சிறிய வேறுபாடு. நமக்கு அப்படியல்ல. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைச் சுருதியில் சி என்பது ஸட்ஜம் என்றால் சாதாரண காந்தாரம் ஈ-ஃபிளாட். அந்த ஸ்வரம் நின்று ஒலித்தால் அது தோடியே அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைந்தால்தான் தோடி. பெண்டரின் (சுருதியை வளைக்கும் அந்த நெம்புகோலின்) எல்லையை மேலும் கீழும் இரண்டு செமிடோன் (அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான இடைவெளி) என்று வைத்துக்கொண்டு ஈ-ஃபிளாட்டை அழுத்தினால், நெம்புகோலின் இடது முனை சுத்த ரிஷபம், வலது முனை சுத்த மத்தியமம். கட்டை விரலால் அதை இருபுறமும் ஆட்டும்போது அசைவின் அகலத்தைக் காது தீர்மானிக்க, நடுவுக்குத் திரும்பும் வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. சக்கரத்தில் இதே அசைவை மேலும் கீழுமாக உருட்டிச் செய்ய வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, சக்கரத்தில் அற்புதமாகக் கமகம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நெம்புகோலில் பழகிய மணிக்கட்டுக்கு அது வேறொரு வாத்தியம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்பியில் மேல்நோக்கிய எல்லையையும் கீழ்நோக்கிய எல்லையையும் தனித்தனியாக வைக்கலாம். மேலே பன்னிரண்டு செமிடோன் வரை, கீழே நாற்பத்தெட்டு வரை. மேலே இரண்டு, கீழே பன்னிரண்டு என்று நாங்கள் வைத்துக்கொண்டு, வலப்புறம் கமகத்தையும் இடப்புறம் கிடார் சறுக்கலையும் ஒரே பேட்ச்சில் வாசிப்போம். உங்களிடம் உள்ள பேட்ச்களில் இப்படிப்பட்ட அமைப்புகள் நிச்சயம் ஒளிந்திருக்கும். ஒலியை மட்டும் ஒப்பிட்டுப் புதிய பேட்ச் செய்தால் இவை விடுபட்டுப்போகும். எனவே ஒவ்வொன்றின் பெண்டர் எல்லை, போர்டமென்டோ (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) நேரம், சோலோ (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ (இழைத்து வாசிப்பது) அமைப்புகள் ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு அதன் பிறகே ஒலிக்குப் போங்கள்.

அழுத்தினால் அசையும் அந்தக் குணம், ஆஃப்டர்டச், நீங்கள் பார்த்த இரண்டு கருவிகளிலும் கிடையாது. ஃபேன்டம்-06, 07, 08 என்ற வரிசையில் இல்லை. விலை கூடிய ஃபேன்டம் 6, 7, 8 வரிசையில் உண்டு. பெயர்களில் ஒரு பூஜ்யம்தான் வேறுபாடு என்பதால் கடைக்காரர்களே குழம்புகிறார்கள். 2014-இல் வந்த எஃப்ஏ-06-இலும் அது இல்லை. நடுத்தர விலையில் முன்பு சாதாரணமாகக் கிடைத்த ஒன்று இப்போது உயர்விலைக் கருவிகளின் அடையாளமாக மாறிவிட்டது. நீங்கள் உண்மையாகவே இழக்கப்போவது இதுதான். ரோலண்டிலேயே இருந்தால் நெம்புகோல் உங்களுக்குத் தொடரும். அழுத்த அசைவை மட்டும் வேறு வழியில் ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

லூப்_இளவல்

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்பியைப் பற்றிப் பேசும்போது நம் மக்கள் சற்று அளவு மீறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு இருந்த குறை யாருக்கும் நினைவிருப்பதில்லை. பெர்ஃபார்மன்ஸ் நிலையில் பதினாறு பகுதிகளுக்கும் சேர்த்து இன்சர்ட் எஃபெக்ட் (ஒலியின் தன்மையை மாற்றும் அமைப்பு) ஒன்றுதான். கோரஸும் (ஒலியைத் தடிமனாக்குவது) ரிவெர்பும் (எதிரொலி) பொதுவானவை. தனியே வாசிக்கும்போது ராட்டரி (சுழலும் ஸ்பீக்கர் போன்ற) எஃபெக்ட்டுடன் அழகாக ஒலித்த ஆர்கன், பெர்ஃபார்மன்ஸுக்குள் ஸ்ட்ரிங்ஸுடன் சேர்த்தவுடன் களையிழந்துபோனதை எக்ஸ்பி வாசித்த எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். இப்போதைய கருவிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எஃபெக்ட் கிடைக்கிறது. இது சிறிய முன்னேற்றம் அல்ல.

அதே நேரத்தில், புதிய கருவி மண்டபத்தில் "எடுபடவில்லை" என்று பலர் சொல்வதற்கும் இதுவே காரணம். தொழிற்சாலை ஒலிகள் கடையில் ஹெட்ஃபோனில் கேட்டு வியக்கும்படி அகன்ற ஸ்டீரியோவும் நீண்ட ரிவெர்பும் சேர்த்துச் செய்யப்படுகின்றன. நம் ஊர் மண்டபங்களில் பெரும்பாலும் ஒரே மோனோ இணைப்புதான். சுவர்களின் எதிரொலி போதாதென்று கருவியின் ரிவெர்பும் சேர்ந்தால் ஒலி குழம்பு போலாகிவிடும். ஸ்டீரியோவாகப் பதிவு செய்த பியானோவை மோனோவில் சேர்க்கும்போது இரு பக்க அலைகளும் ஓரளவு ஒன்றையொன்று தின்றுவிடுவதால் நடு ஸ்தாயி மெலிந்து கேட்கும். எக்ஸ்பியின் பியானோ துல்லியம் குறைந்ததுதான், ஆனால் டிரம்ஸுக்கும் தவிலுக்கும் நடுவே துளைத்துக்கொண்டு வெளியே வரும். புதிய கருவியில் ரிவெர்பை முற்றிலும் அணைத்து, மோனோ பியானோ ஒன்றைத் தேர்ந்து, அதன் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்; குறைகளில் பாதி அங்கேயே மறைந்துவிடும்.

பழைய ஒலிகளின் மீதுள்ள பற்று வெறும் ஏக்கம் என்று நான் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளின் பதிவுகளில் அந்தக் காலத்து ரோலண்ட், கோர்க் ஒலிகள் நிறையவே கலந்திருக்கின்றன. அந்தப் பாடல்களை வாசிக்கும் மெல்லிசைக் குழுவுக்கு அசல் வயலின் போன்ற ஸ்ட்ரிங்ஸைவிட, அந்தப் பதிவில் கேட்ட செயற்கை ஸ்ட்ரிங்ஸ்தான் சரியான ஒலி. அதற்கு ஜேவி-1080, எக்ஸ்வி-5080 ஆகியவற்றை ரோலண்ட் நிறுவனமே ரோலண்ட் கிளவுட் என்ற இணையச் சேவை வழியாக மென்பொருளாகத் தருகிறது. உங்கள் குழுவில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருப்பதால் இதை முயன்று பார்க்கலாம். நல்ல ஆடியோ இடைமுகத்தில் 128 சாம்பிள் பஃபர் (ஒலித் தரவைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் இடம்) வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அந்த பஃபரால் ஏற்படும் தாமதம் மூன்று மில்லிவிநாடிக்கும் குறைவு. ஜெனரேட்டர் மாற்றும் நொடியில் கணினி நிற்காமல் இருக்க அதன் பேட்டரி ஆரோக்கியமாக இருக்க வேண்டும். ஆடியோ இடைமுகம் கணினியிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

மதுரை_கீஸ்

மூவருக்கும் நன்றி. கருவியைத் திறந்து பார்க்கச் சொன்னதும் பார்த்தேன். உள்ளே "வேர்ல்டு" என்று பெயரிட்ட எஸ்ஆர்-ஜேவி80-05 போர்டு ஒன்று இருக்கிறது. நாதஸ்வரச் சாயல் பேட்ச்சின் நான்கு டோன்களில் (பேட்ச்சை உருவாக்கும் ஒலி அடுக்குகள்) இரண்டு அதிலிருந்துதான் வருகின்றன. இத்தனை நாளும் அது கருவியின் சொந்த ஒலி என்றே நினைத்திருந்தேன். மிடி இடைமுகத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்து பிரதி எடுக்கும் வரை கருவியைப் புது வேலை எதற்கும் உட்படுத்தப் போவதில்லை.

ஐந்தரைக்கட்டை ஐயா சொன்ன நெம்புகோல் காரணத்துக்காக ஃபேன்டம்-07 பக்கம் சாய்ந்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். எக்ஸ்பியின் ஒலிகளைச் சாம்பிள் எடுத்து (பதிவு செய்து) ஃபேன்டத்தில் ஏற்றி வாசிப்பது பயன் தருமா? ஆஃப்டர்டச் இல்லாத இடத்தில் அந்த அசைவை எப்படிக் கொண்டுவருவது?

ஐந்தரைக்கட்டை

தம்பி, சாம்பிள் எடுப்பது சில ஒலிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. பெல், பேஸ், தந்தியைச் சுண்டும் வகை ஒலிகள் ஆகியவை அடித்தவுடன் தம் போக்கில் தேய்ந்து மறைபவை என்பதால் சாம்பிளில் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். நாதஸ்வரம், புல்லாங்குழல் போன்று நீண்டு நின்று அசையும் ஒலிகளில்தான் சிக்கல். நான்கு டோன்களும் ஒன்றாக உறைந்துபோவதால், மெதுவாக அழுத்தினால் இரண்டு டோன்களும் ஓங்கி அழுத்தினால் நான்கும் ஒலித்த நயம் போய்விடும். அப்படியும் எடுப்பதானால் கருவியின் எஃபெக்ட், கோரஸ், ரிவெர்ப் மூன்றையும் அணைத்து, எல்எஃப்ஓ (ஒலியைத் தானாக அசைக்கும் மெதுவான அலை) அசைவையும் நிறுத்தி, மூன்று செமிடோனுக்கு ஒரு ஸ்வரம் வீதம், மெல்லியதும் நடுத்தரமும் வலியதுமாகப் பதிவு செய்யுங்கள். அசைவும் எஃபெக்ட்டும் புதிய கருவியில்தான் சேர்க்கப்பட வேண்டும். அசைவோடு பதிவு செய்த ஸ்வரத்தை உயர்ந்த ஸ்தாயியில் வாசித்தால் அசைவின் வேகமும் சேர்ந்து கூடிவிடும், கேட்கவே சகிக்காது.

உங்கள் நாதஸ்வரத்துக்கு நான் சாம்பிளைவிட ரேக்கையே பரிந்துரைப்பேன். ஃபேன்டத்தின் ஒரு சோனை (தனி ஒலி ஒதுக்கக்கூடிய பகுதியை) வெளி மிடிக்கு ஒதுக்கி, ஜேவி-1080-இல் அந்த வேர்ல்டு போர்டைப் பொருத்தி, அதே பேட்ச்சை அங்கிருந்து ஒலிக்க விடுங்கள். ரேக் கிடைக்கத் தாமதமானால், எக்ஸ்பி-80-ஐயே சில மாதங்கள் இரண்டாவது அடுக்கில் வைத்து அந்த ஒரே வேலைக்குப் பயன்படுத்தலாம். போர்டு எக்ஸ்பியிலிருந்து வெளியே போகும் நாளில் அந்தக் கருவியை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் விற்காதீர்கள்.

மற்ற ஒலிகளைப் புதிதாகவே கட்டிவிடுவது நல்லது. ஃபேன்டத்தின் ஜென்-கோர் (அதன் ஒலி உருவாக்கும் முறை) டோனும் நான்கு பகுதிகள் கொண்டதுதான் என்பதால், எக்ஸ்பி பேட்ச்சின் அமைப்பு உங்களுக்கு அங்கே அந்நியமாக இராது. முப்பத்திரண்டு பெர்ஃபார்மன்ஸையும் மாற்ற உட்காராதீர்கள். நாடாவைப் பார்த்து, எந்த நிகழ்ச்சியிலும் தவறாமல் வரும் பாடல்களுக்கு உரியவற்றை மட்டும் முதலில் செய்யுங்கள். மற்றவற்றில் பல, பாடகரே குழுவை விட்டுப் போன பிறகும் அழிக்காமல் கிடப்பவையாக இருக்கும்.

அழுத்த அசைவுக்கு வருகிறேன். வைப்ரேட்டோவின் ஆழத்தை எக்ஸ்பிரஷன் பெடலுக்கு ஒதுக்கிவிட்டேன். நெம்புகோலை முன்னோக்கித் தள்ளினாலும் அதே அசைவு வரும், ஆனால் கமகம் செய்துகொண்டிருக்கும் விரலால் அதையும் தள்ளினால் சுருதி விலகுகிறது. காலுக்கு மாற்றியதில் எனக்கு எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது: ஆஃப்டர்டச்சில் வலது கையின் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாக அசையும் என்பதால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வாசிக்கும்போது விரலைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது, இப்போது அந்தக் கவலை இல்லை. பெடல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரோலண்டின் இவி-5-க்கும் யமஹாவின் எஃப்சி7-க்கும் பிளக் ஒன்றுபோலவே இருந்தாலும் உள்ளே வயரிங் வேறு. உங்கள் குழுவில் யாரிடமாவது யமஹா பெடல் சும்மா கிடக்கிறதென்று அதைச் செருகினால், மிதிக்க மிதிக்க அசைவு தாறுமாறாக வரும். கருவியில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.